கசப்பான முடிவை மறைக்காத திருவள்ளூர்

2020 மார்ச் இறுதி. சக ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன்பே இணையத்தில் ஏற்றப்பட்ட ஓர் ஆய்வறிக்கை உலகெங்கும் பேசப்பட்டது. குழந்தைகளுக்கு காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போடும் நாடுகளில் கொரோனா மரணங்கள் குறைவு என்றது அது. நம்மில் பெரும்பாலோர் கையில் அந்த ஊசியின் தழும்பு உண்டு. அதனால் செய்தி இங்கே ஆறுதலாகவே பரவியது. ஆனால் ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு ஒப்பிட்டால் மக்களின் வயது, வருமானம், பரிசோதனை எண்ணிக்கை என ஏராளமான வேறுபாடுகள் கணக்கைக் குழப்பிவிடும். பிசிஜி கொரோனாவைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்று ஏப்ரல் 12 அன்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஒரு தடுப்பூசியை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதை, இதே பிசிஜியை வைத்து, அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டிய பகுதி திருவள்ளூர்.

இந்தியாவில் பிசிஜி 1948-ல் மதனப்பள்ளியில் தொடங்கியது. 1951 முதல் நாடு முழுவதும் போடப்பட்டது. 1955-ல் ராஜாஜி அதை வெளிப்படையாக எதிர்த்தார். அறிவியல் உலகிலும் ஒருமித்த கருத்து இல்லை. பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில் ஏறக்குறைய 80 சதவீதம் பாதுகாப்பு கிடைத்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பலன் மிகக் குறைவு. நம் மண்ணில் பலன் எவ்வளவு என்பதை நாமே சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் அந்தச் சோதனை தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொது சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து நடத்தின. 1971 வரை 2.8 லட்சம் பேருக்குமேல் ஊசி போடப்பட்டது. சிலருக்கு முழு அளவு, சிலருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பதைத் தீர்மானித்தது குலுக்கல் முறை. போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. அதன்பின் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் ஊராகச் சென்று எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள்.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. நுரையீரல் காசநோயிலிருந்து பிசிஜி பாதுகாப்புத் தரவில்லை. கோடிக்கணக்கானோருக்கு அரசே போட்டுவந்த ஊசி அது. சோதித்தவர்களில் அதைப் பரிந்துரைத்த அமைப்புகளும் இருந்தன. இருந்தும் முடிவை அவர்கள் பூசி மெழுகவில்லை. கண்காணிப்பைக் கைவிடவும் இல்லை. 15 ஆண்டுத் தரவுகள் 1999-ல் வெளியாயின: பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, சிறுவர்களுக்கு 27 சதவீதம், அந்த 27-கூட உறுதியானதல்ல என்பதையும் சேர்த்தே அச்சிட்டார்கள்.

தன் ஆய்வு எதைச் சோதிக்கவில்லை என்று சொல்வதும் நேர்மைதான். பச்சிளம் குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் போன்ற கடும் காசநோயைத் திருவள்ளூர் ஆய்வு அளக்கவில்லை. அதிலிருந்து பிசிஜி காக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டின. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்கு அதைப் போடுகிறோம், போடத்தான் வேண்டும்.

கொரோனா காலத்தில் இந்தப் பொறுமை பல இடங்களில் காணாமல் போனது. 2020 மே 22 அன்று ‘லான்செட்’ இதழ், கொரோனா நோயாளிகளுக்குத் தரப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆபத்தானது என்ற கட்டுரையை வெளியிட்டது. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் தன் ஆய்வில் அந்த மருந்தை நிறுத்திவைத்தது. கட்டுரைக்குத் தரவு தந்த சர்ஜிஸ்பியர் நிறுவனம் மூலத் தரவை வெளியாரிடம் காட்ட மறுத்ததால் ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தரவைத் திறந்து காட்ட முடியாத ஆய்வு எவ்வளவு பெரிய இதழில் வந்தாலும் நம்பத்தக்கதல்ல. மறுபுறம், பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வு குலுக்கல் முறையைக் கைவிடாமலே, அதே ஜூனில், டெக்சாமெத்தசோன் மருந்து உயிர்காக்கும் என்று நிறுவியது. அவசரகாலத்திலும் தரமான ஆய்வு முடியும். கொரோனாவுக்கு பிசிஜி உதவுமா என்ற கேள்விக்கும், ஐந்து நாடுகளின் சுகாதாரப் பணியாளர்களிடம் குலுக்கல் முறையில் நடந்த ‘பிரேஸ்’ ஆய்வு 2023-ல் விடை தந்தது: உதவவில்லை.

இந்தியாவில் மருந்துச் சோதனைகளுக்கான பொதுப் பதிவேடு 2007-ல் தொடங்கியது. 2009 முதல் பதிவு கட்டாயம். எதைச் சோதிக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால், பிடிக்காத முடிவைப் பிறகு ஒளிப்பது கடினம்.

அடுத்த தொற்று வரும்போது ஆய்வாளர்கள் திருவள்ளூரின் கிராமங்களுக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் அறைகளுக்கும் வரக்கூடும். ஒப்புதல் படிவம் அவரவர் மொழியில் இருக்கட்டும். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மறுக்காதீர்கள், ஆனால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த ஆய்வு பதிவேட்டில் இருக்கிறதா? யாரோடு எங்களை ஒப்பிடுகிறீர்கள்? முடிவு எதுவானாலும் எங்களிடம் வந்து சொல்வீர்களா? ரத்தமும் சளியும் தந்தவர்களுக்கு அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கும் முழு உரிமை உண்டு.