முட்டுச்சந்தில் முடியும் நகரம்

பெங்களூருக்குக் குடிவரும் நம்மவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் கன்னடச் சொல் ‘கொத்தில்லா’. அடுத்துக் கற்பது கன்னடமே இல்லை: ‘மெயின்’, ‘கிராஸ்’. ஜெயநகரில் ஆறாவது கிராஸில் நிற்பவரிடம் பதினோராவது கிராஸ் எங்கே என்று கேட்டால், இன்னும் ஐந்து தெரு தள்ளி என்று கணக்குப் போட்டே சொல்லிவிடுவார். நடுவில் ‘ஏ’ கிராஸ், ‘பி’ கிராஸ் என்று முளைத்துக் காலை வாருவது தனிக்கதை. ஆனாலும் ஒரு தெரு அடைபட்டால் அடுத்த தெரு உண்டு என்ற தைரியம் அங்கே எப்போதும் இருக்கும்.

ஒரு நகரம் ‘பரந்து விரிகிறது’ என்கிறோமே, அதை எப்படி அளப்பது? ஏக்கர் கணக்கு ஒரு வழி, ஜனநெருக்கம் இன்னொரு வழி. மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. தெருக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு கூடுகின்றன என்று பார்ப்பது. முப்பது வருடம் வரைபடப் பலகையோடு உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு இந்த மூன்றாவது வழிதான் நெருக்கமாகப் படுகிறது.

இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுப் பெண்களுக்குப் படிப்பே தேவையில்லை. வாசலில் மூன்று வரிசையாக, வரிசைக்கு மூன்று புள்ளி வையுங்கள். பக்கத்துப் புள்ளிகளையெல்லாம் நெடுக்கும் குறுக்கும் கோட்டால் சேருங்கள். புள்ளி 9, கோடு 12. புள்ளி என்பது சந்தி, கோடு என்பது தெரு. கோட்டைப் புள்ளியால் வகுத்தால் 1.33. பத்துக்குப் பத்து வைத்தால் புள்ளி 100, கோடு 180, விகிதம் 1.8 ஆகிவிடும். இப்போது பழைய ஒன்பது புள்ளியில், அடிவரிசையை மட்டும் குறுக்கே சேர்த்து, மற்ற குறுக்குக் கோடுகளை அழித்துவிடுங்கள். சீப்பு மாதிரி ஆகும். கோடு 8, விகிதம் 0.89. மேல்வரிசை முதல் புள்ளியிலிருந்து பக்கத்துப் புள்ளிக்கு முன்பு ஒரு கோடு தூரம். இப்போது இரண்டு இறங்கி, ஒன்று நகர்ந்து, மறுபடி இரண்டு ஏற வேண்டும். ஆக ஐந்து. புள்ளிகள் நகரவில்லை, வீடுகளும் நகரவில்லை. தூரம் மட்டும் ஐந்து மடங்கு!

அமெரிக்காவில் சில ஊர்களில் புதிய மனைப்பிரிவுக்கு இந்த விகிதம் 1.2 அல்லது 1.4க்குக் குறையக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். இன்னொரு அளவு, ஒரு சந்தியில் எத்தனை தெரு கூடுகிறது என்பது. தமிழில் இதற்கு எண்ணோடு பெயரே இருக்கிறது: மூன்று கூடினால் முச்சந்தி, நான்கு கூடினால் நாற்சந்தி, ஒன்றோடு நின்றால் முட்டுச்சந்து. ஆராய்ச்சியாளர்கள் இவற்றைத்தான் எண்ணிச் சராசரி எடுக்கிறார்கள்.

அப்படி உலகம் முழுவதையும் எண்ணியவர்கள் பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரு அறிஞர்கள். யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தையும், நகர வளர்ச்சியைக் காட்டும் செயற்கைக்கோள் தரவையும் வைத்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். மக்கள்தொகை மிகுந்த 134 நாடுகளில் 90 சதவீதத்தில், 1975க்குப் பிறகு புதிதாகப் போட்ட தெருக்கள் முன்னைவிடத் தொடர்பு குறைந்தவை. 2000க்குப் பிறகு நிலைமை சீராகி வருவது 29 சதவீத நாடுகளில் மட்டும். அமெரிக்காவை மட்டும் வைத்து 2015இல் அவர்கள் செய்த ஆய்வு, அங்கே முட்டுச்சந்து மோகம் 1994 வாக்கில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கியது என்கிறது. அவர்கள் சலித்துக் கைவிட ஆரம்பித்ததை நாம் ‘லக்ஷுரி’ என்று விலை கொடுத்து வாங்குகிறோம்.

பெங்களூர் இப்படிப் பிறந்த ஊர் இல்லை. 1537இல் கெம்பெகவுடா பேட்டையை அமைத்தபோது எருது பூட்டி ஏர் ஓட்டி, நாற்சந்தியிலிருந்துதான் தெருக்களைக் குறித்தார் என்பது மரபு. தொட்டபேட்டையும் சிக்கபேட்டையும் வெட்டிக்கொள்ளும் அந்த இடத்தில் இன்றும் கூட்டம் அலைமோதுகிறது. 1890களில் உருவான பசவனகுடியிலும் மல்லேஸ்வரத்திலும் நூல் பிடித்தாற்போல் தெரு போட்டார்கள். 1898இல் பிளேக் வந்தபோது நெரிசலான பேட்டையை விட்டு ஜனங்கள் அங்கே போனார்கள். ஜெயநகருக்கு 1948இல் அடிக்கல் நாட்டியவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி.

பிறகு வந்த புறநகர் வேறு விதம். சர்ஜாபூர் ரோடு, வர்த்தூர் பக்கம் போனால் தெரியும். மாட்டுவண்டி போன கிராமப் பாதைதான் மெயின் ரோடு. இரு பக்கமும் விவசாய நிலம். ஒருவர் தன் நான்கு ஏக்கரைப் பிரித்து விற்கிறார்; நடுவே ஒரு தெரு போட்டு எல்லையில் நிறுத்திவிடுகிறார். பக்கத்து நிலத்துக்காரரும் அப்படியே. இரண்டு தெருவின் நுனிக்கும் நடுவே ஒரு சுவர். இடையில் ஏரி, ராஜகால்வாய் இருந்தால் கேட்கவே வேண்டாம். பால் வாங்கப் போகிறவர், பள்ளி வேன், ஆம்புலன்ஸ், ஐ.டி. கம்பெனி பஸ் எல்லாம் அந்த ஒரே வண்டிப்பாதையில் விழுகின்றன. சாலையை அகலப்படுத்தினால் தீரும் என்கிறார்கள். சீப்பின் அடிப்பாகத்தை அகலமாக்கினால் பற்கள் எப்படிச் சேரும்?

என் மைத்துனர் அந்தப் பக்கம் ஒரு கேட் போட்ட குடியிருப்பில் இருக்கிறார். பெயர் வேண்டாம். என் மாமியாருக்கு 76 வயது. திருவையாற்றில் இருந்தவரை காவேரிக்கும் கோயிலுக்கும் காய்கறிக்கும் நடந்தே பழகியவர். குடியிருப்பின் பின்சுவருக்கு அந்தப் புறம் ஒரு பிள்ளையார் கோயில். நேர்கோட்டில் 150 மீட்டர். முன்வாசல் வழியாகச் சுற்றினால் 1,800 மீட்டர், அதுவும் நடைபாதை இல்லாத சாலையில். கட்டத் தெருக்கள் உள்ள ஊரில் நேர்தூரத்தைவிட நடைதூரம் சராசரியாக 1.27 மடங்கு, மிஞ்சினால் 1.41 மடங்கு. இவருக்கு 12 மடங்கு. “மாப்பிள்ளை, மணிச் சத்தம் மட்டும் காதுல விழுது. கோயில்தான் வரமாட்டேங்குது” என்றார். ஆட்டோக்காரர் கிட்டத்துச் சவாரி என்று வரமாட்டார். மகன் கார் எடுக்கும் வெள்ளிக்கிழமைதான் அவருக்குப் பிள்ளையார். மற்ற நாட்களில் பால்கனி.

ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு வந்து இருக்கும் பெரியவர்கள் நம் சங்கக் குடும்பங்களில் எத்தனை பேர்! அம்மாவுக்கு இங்கே பொழுதே போகவில்லை என்று சொல்கிறோம். பாதி காரணம் பாஷை என்றால் மீதி இந்தச் சுவர் என்பேன்.

மைத்துனர் பின்சுவரில் ஒரு திட்டிவாசல் வைக்கலாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் கேட்டார். திருட்டுப் பயம் என்று பெரும்பான்மையினர் மறுத்துவிட்டார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். குழந்தைகள் சைக்கிள் விட வண்டி வராத தெரு வேண்டும் என்பதும் நியாயமே. ஜெயநகரில் குறுக்குவழி தேடும் கார்கள் உட்தெருவில் சீறுவதை நானே பார்க்கிறேன். ஆனால் வண்டியைத் தடுக்க ஆளையும் தடுக்க வேண்டுமா? 1929இல் அமெரிக்காவில் ராட்பர்ன் என்ற குடியிருப்பை அமைத்தவர்கள் காருக்குத்தான் முட்டுச்சந்து வைத்தார்கள். நடப்பவர்களுக்குத் தனிப் பாதைகளை விட்டார்கள். பின்னால் வந்தவர்கள் முட்டுச்சந்தை எடுத்துக்கொண்டு பாதையை விட்டுவிட்டார்கள். இன்னொன்று. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் தெருக்களை உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தபின் அது பொதுத்தெரு. கேட் போட்டதாலேயே அது நம் சொந்தமாகிவிடாது.

வீடு இடித்துக் கட்டலாம், மாடி ஏற்றலாம். ஒரு முறை போட்ட தெரு நூறு வருடம் ஆனாலும் அசையாது. பேட்டையைப் பாருங்கள்.

வீடு வாங்கப் போகிறவர்கள் மாதிரி ஃபிளாட்டின் கிச்சனைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தில் அந்த இடத்தைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் முட்டுச்சந்து எத்தனை, நாற்சந்தி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பிறகு நேரில் போய், பஸ் ஸ்டாப்புக்கும் மருந்துக்கடைக்கும் ஒரு தடவை கால்நடையாக நடந்து பாருங்கள். முடிந்தால் அம்மாவையும் அழைத்துப் போங்கள். வரைபடம் பல இடங்களில் கேட்டைக் காட்டாது; திறந்த தெரு என்றே காட்டும். அந்தக் கேட் எத்தனை மணிக்குத் திறக்கும், யாருக்குத் திறக்கும் என்பதை வாட்ச்மேனிடம்தான் கேட்க வேண்டும்.