வார்ப்பிரும்பு ஏன் விரிசல் விடுகிறது?

1970-களின் வின்னபேகோ வீட்டு வண்டிகள் பலவற்றில் டாட்ஜின் 7.2 லிட்டர் இன்ஜின், முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு மூடிக்குள் வெந்துகொண்டிருக்கும். காற்றோட்டம் குறைவு, சுமையோ அதிகம். மேடேறும்போது புகை வெளியேறும் மேனிஃபோல்ட் பழுக்கக் காய்கிறது. அரை மீட்டர் வார்ப்பிரும்பு 500 டிகிரி சூடேறினால் 2.5 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். துருவேறிய போல்ட்டுகள் அதை நகரவிடாமல் பிடித்துக்கொண்டால், ஆறிச் சுருங்கும்போது விரிசல் விழுகிறது.

குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் ‘டிக் டிக்’ சத்தம் கேட்கும். சூடேறியதும் விரிசல் நெருங்கி அடங்கிவிடும். சரியாகிவிட்டது என்று விட்டுவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே கசியும்.

முன்சூடேற்றி, நிக்கல் கம்பியால் வெல்டிங் வைத்து, மணலில் புதைத்து மெல்ல ஆறவிடலாம். ஆனாலும் மாற்றுவதே நல்லது. பொருந்தும் முகத்தைச் சமமாக இழைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி முடுக்குங்கள்.