வேகவைத்தாலும் போகாத நஞ்சு: சிப்பி சாப்பிடும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

கெராங், குப்பாங், லாலா, லொக்கான் போன்ற ஓடுள்ள சிப்பி வகைகள் நம் வீடுகளில் பலருக்குப் பிடித்த உணவு. பசாரில் வாங்கி வந்து, நன்றாகக் கழுவி, மஞ்சளும் மிளகாயும் போட்டுச் சமைக்கிறோம். "நன்றாக வெந்துவிட்டால் ஒன்றும் செய்யாது" என்பது நம் நம்பிக்கை. பெரும்பாலான கிருமிகளைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் சிப்பியில் சில சமயம் சேரும் ஒரு நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் போகாது. அதைப் பற்றியும், அது உடலில் சேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியும் இங்கே சொல்கிறோம்.

நஞ்சு எங்கிருந்து வருகிறது?

கடல் நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. மீனுக்கும் சிப்பிக்கும் அவைதான் அடிப்படை உணவு. அவற்றுள் மிகச் சில வகைகள் மட்டும் நஞ்சை உண்டாக்குகின்றன. அலெக்சாண்டிரியம், பைரோடினியம் என்பவை நம் நாட்டுக் கடல்களில் காணப்பட்ட அத்தகைய வகைகள். அவற்றின் நஞ்சுக்குச் சாக்சிடாக்சின் என்று பெயர்.

சிப்பி நீரை உறிஞ்சி வடிகட்டி, அதிலுள்ள பாசியை உண்ணும். நச்சுப் பாசி பெருகியிருக்கும் நாள்களில் அந்த நஞ்சு சிப்பியின் சதையில் சேர்ந்துகொண்டே போகும். சிப்பிக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அதன் நிறமும் மணமும் சுவையும் மாறுவதில்லை. பாசி மறைந்த பிறகும் நஞ்சு முழுதும் நீங்கச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம்.

பாசி ஏன் திடீரெனப் பெருகுகிறது?

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பால்மரத்துக்கும் செம்பனைக்கும் உரம் போட்டால் மரம் செழிக்கும். உரம் போட்ட கையோடு பெருமழை பெய்தால் பாதி உரம் கால்வாயில் ஓடிவிடும். அந்தக் கால்வாய் போய்ச் சேரும் குட்டை சில நாள்களில் பச்சையாக மாறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மரத்துக்குப் போட்ட தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசிக்கு உணவாகிவிட்டன என்பதே அதன் பொருள்.

கடலிலும் இதே போல் நடக்கிறது. ஈப்போ வழியாக ஓடும் கிந்தா ஆறு பேராக் ஆற்றில் கலக்கிறது. பேராக் ஆறு தெலுக் இந்தானைத் தாண்டி, பாகான் டத்தோ அருகே மலாக்கா நீரிணையில் சேர்கிறது. நாட்டின் எந்த ஆறானாலும், தோட்டத்து உரம், வீட்டுக் கழிவுநீர், கால்நடைக் கழிவு எல்லாவற்றின் சத்துகளையும் கடலுக்குக் கொண்டு சேர்க்கும்.

ஆனால் சத்து மட்டும் காரணமன்று. நச்சுப் பாசிகள் சில, விதை போன்ற கூடுகளாகி, கடலடிச் சேற்றில் நீண்ட காலம் உறங்கிக் கிடக்கும். வெப்பமும் வெளிச்சமும் உப்பின் அளவும் நீரோட்டமும் கூடி வரும்போது அவை முளைத்துப் பெருகும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வாளர்கள் லிம் போ தீன், லியாவ் சுய் பின் ஆகியோர் இத்தகைய பாசிகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். எந்தப் பாசி நச்சுடையது, எந்தச் சூழலில் அது விரைந்து பெருகும் என்று தெரிந்தால்தான், எங்கே எப்போது சிப்பியைச் சோதிக்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியும்.

இது நம் நாட்டில் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1976-இல் சபாவில் 202 பேர் பாதிக்கப்பட்டு 7 பேர் இறந்தனர். 2001 செப்டம்பரில் கிளந்தான், தும்பாட்டில் லொக்கான் சாப்பிட்ட 6 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். 2024 ஏப்ரலில் போர்ட்டிக்சனில் சிப்பி சாப்பிட்ட 8 பேர் பாதிக்கப்பட்டனர். தமிழ்நாட்டிலும் 1981-இல் சிப்பி சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனைக்குச் சென்றனர். 3 பேர் இறந்தனர்.

இப்படி நடப்பது அரிது. சிப்பியே சாப்பிடக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் நடந்தால் உயிருக்கு ஆபத்து என்பதால் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இவற்றை நம்ப வேண்டாம்

• கொதிக்க வைத்தல், பொரித்தல், உறைய வைத்தல்: எதுவும் இந்த நஞ்சை அழிக்காது.
• புளி, எலுமிச்சை, மஞ்சள், பூண்டு: நஞ்சை முறிக்காது.
• வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா என்று பார்ப்பது: இதனால் நஞ்சைக் கண்டுபிடிக்க முடியாது.
• "கடல் சிவக்கவில்லை, ஆகவே பயமில்லை" என்பது: நீரின் நிறம் மாறாமலேயே சிப்பியில் நஞ்சு சேரலாம்.

ஒரு கிலோ சிப்பிச் சதையில் 0.8 மில்லிகிராமுக்கு மேல் இந்த நஞ்சு இருந்தால் அது உண்ணத் தகாதது என்பது அனைத்துலக அளவு. இவ்வளவு சிறிய அளவைக் கண்ணாலோ நாக்காலோ அறிய முடியாது. ஆய்வுக்கூடத்தில்தான் அறிய முடியும்.

அறிகுறிகளைக் கவனியுங்கள்

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் உதடு, நாக்கு, முகம் ஆகியவற்றில் கூச்சமும் மரத்துப்போன உணர்வும் தொடங்கும். பிறகு விரல்களுக்கும் கை கால்களுக்கும் பரவும். தலைசுற்றல், வாந்தி, நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல் ஏற்படலாம். கடுமையான நிலையில் மூச்சு விட உதவும் தசைகள் செயலிழக்கும். நோயாளிக்குச் சுயநினைவு இருக்கும், பேசத்தான் முடியாது.

இனிப்புநீர் உள்ளவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். உங்களுக்குக் கால் மரத்துப்போவது பழகிப்போயிருக்கலாம். "சர்க்கரை ஏறிவிட்டது போலிருக்கிறது", "வாயுத் தொல்லைதான்" என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். சிப்பி சாப்பிட்ட பிறகு உதடும் நாக்கும் மரத்தால் அதை அவசரமாகவே கருத வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உடனே செய்ய வேண்டியவை

1. 999-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். நீங்களே காரோ மோட்டார் சைக்கிளோ ஓட்டிச் செல்லாதீர்கள்.
2. என்ன சிப்பி, எங்கே வாங்கியது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மீதம் இருந்தால் ஒரு பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள்.
3. விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தண்ணீரோ மருந்தோ கொடுக்காதீர்கள்.
4. அதே உணவைச் சாப்பிட்ட மற்றவர்களையும் கவனியுங்கள். குழந்தைகளுக்குப் பாதிப்பு கடுமையாக இருக்கலாம்.

இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. ஆனால் மருத்துவமனையில் சுவாசக் கருவியின் உதவியோடு, நஞ்சு உடலை விட்டு நீங்கும் வரை உயிரைக் காக்க முடியும். நேரத்தோடு வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் சில நாள்களில் குணமடைகிறார்கள்.

வராமல் காக்கும் வழிகள்

• தெரிந்த வியாபாரியிடம் வாங்குங்கள். எந்தக் கடற்கரையிலிருந்து வந்தது என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.
• சிப்பி சாப்பிட வேண்டாம் என்று மீன்வளத் துறையோ சுகாதார அமைச்சோ அறிவித்தால், தடை நீக்கப்படும் வரை அந்தப் பகுதிச் சிப்பியைத் தவிருங்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தமிழ்ச் செய்தியைக் கேளுங்கள்.
• கடற்கரைக்குச் சுற்றுலா போகும்போது பேரப்பிள்ளைகள் பொறுக்கி வரும் சிப்பியை, அந்த இடம் பாதுகாப்பானது என்று தெரியாமல் சமைக்காதீர்கள். தடை உள்ள இடத்தில் பொறுக்கவே வேண்டாம்.
• எச்சரிக்கை உள்ள நாள்களில் மீனின் குடலை முழுதும் நீக்கி, நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.
• மற்ற நாள்களிலும் கெராங்கை அரைவேக்காடாகச் சாப்பிடாதீர்கள். மஞ்சள் காமாலை, டைபாய்டு கிருமிகளிலிருந்து காப்பது நல்ல வேக்காடுதான்.

கிருமியை நெருப்பு கொல்லும். இந்த நஞ்சை அது கொல்லாது. இதை இன்றே உங்கள் வீட்டில் சமைப்பவரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்.