மலர்க் காட்சியும் மலையிறங்குவோர் மனமும்

கோடை பிறந்ததும் சமவெளியிலுள்ள ஜனங்களின் நாட்டம் நீலகிரியை நோக்கித் திரும்புவது ஆண்டுதோறும் நாம் காணும் விஷயம். உதகமண்டலம் தாவரவியல் பூங்கா 1848-ஆம் ஆண்டில் மக்ஐவர் என்பவரால் உருவாக்கத் தொடங்கப்பெற்றது. அங்கே மே மாதத்தில் நடைபெறும் மலர்க் காட்சி 1896-இல் ஆரம்பமாயிற்று. 1874-இல் தோன்றிய குன்னூர் சிம்ஸ் பூங்காவில் அதே பருவத்தில் பழக் காட்சி நடக்கிறது. காட்சி முடிந்ததும் இத்தனை பேர் வந்தனர் என்று கணக்கு வெளியாகிறது. அதுவே வெற்றிக்குச் சாட்சியமாகவும் கொள்ளப்படுகிறது. அந்தச் சாட்சியம் போதுமா?

போதாது என்பதே நமது துணிபு. முதல்முறை வருகிறவன் ஊரின் பெயரைக் கேட்டு வருகிறான். மறுமுறை வருகிறவனோ அநுபவத்தை அறிந்து வருகிறான். ஆகையால் இரண்டாம் வருகையே உண்மையான தீர்ப்பாகும்.

அநுபவம் மனத்தில் எவ்வாறு பதிகிறது என்பதற்கு டேனியல் கானெமனும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஒரு சோதனை நல்ல உதாரணம். சிலர் மிகக் குளிர்ந்த நீரில் ஒரு முறை 60 விநாடி கையை வைத்திருந்தனர். மற்றொரு முறை அதே 60 விநாடியோடு, குளிர் சற்றே தணிந்த நிலையில் மேலும் 30 விநாடி வைத்திருந்தனர். எதை மீண்டும் செய்யச் சம்மதம் என்று வினவியபோது, பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தனர். துன்பத்தின் அளவைவிட அது முடிந்த விதமே நினைவில் நின்றது!

இன்பத்திற்கும் இது பொருந்துமன்றோ? மலர்களை இரண்டு மணி நேரம் கண்டு களித்த குடும்பம், இறங்கும் வழியில் வளைவுக்கு வளைவு வண்டி நின்று, குழந்தை தண்ணீருக்கு அழ, நள்ளிரவில் மேட்டுப்பாளையம் சேருமாயின், அண்டை வீட்டாரிடம் எதைச் சொல்லும்? ரோஜாவையா, நெரிசலையா?

மலையின் தாங்கும் சக்தியைக் கருதிச் சென்னை ஹைகோர்ட்டார் 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறையை விதித்தனர். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் கட்டினர். வியாபாரிகள் ஆட்சேபித்தனர், கடையடைப்பும் நடந்தது. பசுந்தேயிலைக்கு உரிய விலை கிட்டாமல் சிறு விவசாயிகள் தவித்துவரும் ஜில்லாவில், இரண்டு மாத வியாபாரத்தை நம்பி வாழ்வோரின் அச்சத்தை நாம் அலட்சியம் செய்யோம். ஆயினும் வெறுப்புடன் திரும்பும் பிரயாணி அடுத்த ஆண்டு வியாபாரத்தையும் உடன் கொண்டுபோய்விடுகிறான் என்பதை அவர்கள் சிந்திக்க வேண்டும்.

அதே சமயம், வரம்பு விதித்ததோடு சர்க்காரின் கடமை தீர்ந்துவிடாது. பஸ்ஸிலும் ரயிலிலும் வருவோருக்கு இ-பாஸ் தேவையில்லை என்றால், அந்தப் பஸ்கள் போதிய அளவில் ஓடவேண்டும். வழியெங்கும் குடிநீரும் சுத்தமான கழிப்பிடமும் வேண்டும். விடுதிகளின் வாடகை விகிதம் வாசலிலேயே தெரியவேண்டும்.

இன்னும் ஒன்று: மலையிறங்குவோரைக் கல்லாறில் நிறுத்தி, "மீண்டும் வருவீர்களா?" என்று ஒரே கேள்வி கேட்கலாம். வந்தவர் தொகையோடு அந்த விடையையும் சர்க்கார் ஆண்டுதோறும் வெளியிடட்டும். காட்சி வென்றதா, தோற்றதா என்பதை அப்பொழுது நாடே அறியும்.