மின்விசிறியைப் பழுதுபார்க்க யாரை அழைப்பது?

கடந்த சித்திரையில் எங்கள் வீட்டுக் கூடத்து மின்விசிறி மெதுவாகச் சுழலத் தொடங்கியது. அருகிலிருந்த கடையிலிருந்து வந்த இளைஞர் ஐந்தே நிமிடங்களில் கண்டென்சரை மாற்றினார். விசிறி முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் சுழன்றது. மகிழ்ந்துபோய்க் கேட்ட தொகையைக் கொடுத்தனுப்பினேன். இரண்டே மாதங்களில் கருகிய வாடையுடன் அது நின்றுபோனது.

அடுத்து வந்தவர் ஐம்பது வயதைக் கடந்தவர். மோட்டாருக்கு மேலிருந்த மூடியைக் கழற்றியதும் என்னை அழைத்துக் காட்டினார். 2.5 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டிய இடத்தில் அதைவிட அதிகத் திறனுள்ள கண்டென்சர் இருந்தது. அதனால் வேகம் கூடும். கூடவே சுருளில் பாயும் மின்னோட்டமும் வெப்பமும் கூடும் என்று விளக்கினார். பிறகு, விசிறியைத் தாங்கும் தண்டின் போல்ட்டைச் சுட்டிக்காட்டினார். அது கழன்றுவிடாமல் தடுக்கும் பின் அங்கே இல்லை. “சார், இதுக்குக் கீழதான் படுக்குறீங்களா?” என்று மட்டும் கேட்டார். என் பேத்தி பாய் விரித்துப் படுப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

பின் இல்லாதது முதலில் வந்தவரின் பிழையாக இருக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகளாகவே அப்படி இருந்திருக்கலாம். ஆனால், கண்டென்சர் இருந்த அதே மூடிக்குள்தான் அந்த போல்ட்டும் இருந்தது. அவர் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

வீட்டு மின்பணிகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமே செய்ய வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் கூறின. ஆனால் விளக்கு, விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றும் சிறு வேலைகளுக்கு அதில் விலக்கு உண்டு. 2010-இல் வந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இந்த விலக்கு தொடர்ந்தது. நடைமுறைக்கு உகந்த விலக்குதான். எனினும், நம் தலைக்கு மேல் சுழலும் கருவியைத் தொடுபவர் தகுதியானவரா என்று பார்க்கும் பொறுப்பு நம்மிடமே விடப்பட்டுள்ளது. தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு எலக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் பயிற்சி முடித்தவரா, கம்பியாளர் தகுதிச் சான்று உள்ளவரா என்று கேட்பதில் தவறில்லை. சான்று இல்லாத கைதேர்ந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதால், வேலையைத் தொடங்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும்.

நல்ல மின்பணியாளர் ஏணியில் ஏறும் முன் கேள்வி கேட்பார். உறுமிக்கொண்டு நிற்கிறதா, கையால் தள்ளினால் சுழல்கிறதா? அப்படியானால் கண்டென்சர் மீது சந்தேகம். கரகரவென்ற ஓசை என்றால் பேரிங். ஒட்டடை அடிக்கும்போது இறக்கை வளைந்திருந்தால் விசிறி ஆடும். எதையும் கேளாமல் “காயில் போயிடுச்சு” என்பவரிடம் சற்று நிதானிக்கலாம்.

அடுத்து, அவர் மின்சாரத்தை எங்கே நிறுத்துகிறார் என்று பாருங்கள். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால் போதாது. பழைய வீடுகள் சிலவற்றில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருக்கும். அணைத்த பிறகும் விசிறியில் மின்சாரம் இருக்கும். மெயினை நிறுத்தி, டெஸ்டர் வைத்துச் சோதித்த பின்பே கை வைப்பவர், தம் உயிரையும் மதிக்கத் தெரிந்தவர். “சீக்கிரம் முடிங்க” என்று நாம் அவசரப்படுத்தினால், முதலில் கைவிடப்படுவது இந்தச் சோதனைதான்.

இப்போது பரவிவரும் பிஎல்டிசி விசிறிகளின் கதை வேறு. அவற்றுள் மின்னணுப் பலகை இருப்பதால், சுருள் கட்டுவதில் வல்லவராலும் அதைச் சரிசெய்ய முடியாமல் போகலாம். உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் நிறுவனத்தின் சேவை மையத்தை நாடுவதே சரி.

எங்கள் பழைய விசிறிக்குச் சுருள் கட்டுவது வீண்செலவு என்று அந்தப் பெரியவரே சொல்லிவிட்டார். அது சுமார் 75 வாட் இழுக்கும். 30 வாட் அளவில் ஓடும் புதிய விசிறிகள் கிடைக்கின்றன என்றார். பார்த்துச் சொன்னதற்குப் பணம் வேண்டாமென்று மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தேன். மறுவாரம் புதியதை மாட்ட வந்தபோது, கூரைக் கொக்கியை முதலில் அசைத்துப் பார்த்தார். பிறகு போல்ட்டில் பின்னைச் செருகி, அதன் இரு முனைகளையும் விரித்து வளைத்து, மூடியைப் போடும் முன் என்னை ஏணியில் ஏறிப் பார்க்கச் சொன்னார்.