எந்த ஸ்கூல்ல படிச்சே? – டூயி பிலிப்ஸ் கேட்ட ஒரு கேள்வி

1954 ஜூலை மாதம், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரம். ராத்திரி நேரம். ரேடியோ ஸ்டேஷனில் 19 வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். ஒரு மின்சாதனக் கம்பெனியில் லாரி ஓட்டுகிறவன். எதிரே இருக்கும் டிஸ்க் ஜாக்கி அவனிடம் பேச்சுக் கொடுக்கிறார். நடுவில் சாதாரணமாக ஒரு கேள்வி: எந்த ஸ்கூல்ல படிச்சே? பையன் 'ஹியூம்ஸ்' என்கிறான்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்தக் கேள்வி. கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி, வெள்ளையர்களுக்குத் தனிப் பள்ளி என்று இருந்த ஊர் அது. இந்தப் பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்போதுதான், 1954 மே மாதம், தீர்ப்புச் சொல்லியிருந்தது. மெம்ஃபிஸ் பள்ளிகளில் அது மெல்ல நடைமுறைக்கு வர ஆரம்பித்ததே 1961ல்தான். ஆகவே பள்ளியின் பெயரைச் சொன்னால் போதும், கேட்கிறவர்களுக்குத் தோலின் நிறம் தெரிந்துவிடும். அதுவரை அன்றைக்கு அந்தப் பாட்டைக் கேட்டவர்களில் பலர், பாடியது ஒரு கறுப்பர் என்றே நினைத்திருந்தார்கள்.

பையன் எல்விஸ் பிரெஸ்லி. கேள்வி கேட்டவர் டூயி பிலிப்ஸ். எல்விஸைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி கேட்ட ஆள்மீதுதான் கண்.

டூயி 1926ல் டென்னஸியில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஹியூர்ட்கன் காட்டுச் சண்டையில் இருந்தவர். போர் முடிந்து வந்து மெம்ஃபிஸில் ஒரு மலிவுவிலைக் கடையில் இசைத்தட்டு விற்கும் பிரிவில் வேலை. அங்கேயே மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசிப் பேசிக் கூட்டம் சேர்த்தார். 1949ல் டபிள்யூஎச்பிக்யூ ஸ்டேஷனில் 'ரெட் ஹாட் அண்ட் ப்ளூ' என்ற ராத்திரி நிகழ்ச்சிக்கு வந்தார். ஆரம்பத்தில் குறைந்த நேரம்தான், அதுவும் சம்பளம் இல்லாமல். கொஞ்ச நாளிலேயே அது மணிக்கணக்கில் நீண்டுவிட்டது.

அப்போது ரேடியோவில் பேசுகிறவர் என்றால் ஆழ்ந்த குரல், திருத்தமான உச்சரிப்பு, அளவான வேகம். டூயியிடம் இதில் ஒன்றுகூடக் கிடையாது. தெற்குக் கிராமத்துக் கொச்சைப் பேச்சு. மூச்சு விடாத வேகம். பாட்டு ஓடும்போதே மேலே பேசுவார், கூடவே பாடுவார், தட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு வேறொன்றைப் போடுவார். சில சமயம் ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் ஒரே நேரத்தில் ஓட விடுவார். இரண்டும் நூலிழை விலகி ஓடும்போது ஒரு விநோதமான எதிரொலி வரும்.

விளம்பரத்தையும் எழுதிக் கொடுத்தபடி படிக்க மாட்டார். பீர் விளம்பரம் வந்தால், குடிக்க முடியாட்டி உறைய வெச்சுத் தின்னு என்பார். எந்தக் கடைக்குப் போனாலும் 'பிலிப்ஸ் அனுப்பினார்னு சொல்லுங்க' என்று முடிப்பார். இது வெறும் குறும்பு இல்லை. ரேடியோவில் விளம்பரம் கொடுக்கிறவருக்கு, அதைக் கேட்டு யாராவது கடைக்கு வந்தார்களா என்று தெரிய வழி கிடையாது. வருகிறவன் பிலிப்ஸ் பெயரைச் சொன்னால் கணக்குத் தெரிந்துவிடும். கோமாளி மாதிரி இருந்தாலும் ஆளுக்கு வியாபாரம் தெரியும்!

ஆனால் அவரை முக்கியமாக்கியது வேகம் மட்டுமில்லை, அவர் போட்ட தட்டுகள். ப்ளூஸ், ரிதம் அண்ட் ப்ளூஸ், காஸ்பல் என்று பெரும்பாலும் கறுப்பர்களின் இசை. ஒரு வெள்ளையர் ஸ்டேஷனில், வெள்ளைக்கார அறிவிப்பாளர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், சினிமா மாதிரி சொல்லப்படும் கதைகளில் இது விட்டுப்போகும். கறுப்பர் இசையை மெம்ஃபிஸ் ரேடியோவுக்குக் கொண்டுவந்தவர் டூயி அல்ல. டபிள்யூடிஐஏ என்ற ஸ்டேஷனில் 1948லேயே நாட் டி. வில்லியம்ஸ் என்ற கறுப்பின ஆசிரியர் மைக் முன் உட்கார்ந்துவிட்டார். பி.பி. கிங் பெயர் வாங்கியதும் அங்கேதான். ஆனால் அந்த ஸ்டேஷனுக்கு அப்போது 250 வாட் சக்திதான், அதோடு பகலில் மட்டுமே ஒலிபரப்ப உரிமம். பொழுது சாய்ந்தால் மூடிவிட வேண்டும். மூடினதும் அந்த நேயர்கள் எங்கே போவார்கள்? ராத்திரி கடை விரிக்கும் டூயியிடம்தான். அவருடைய புகழில் பாதி இந்த உரிம விதி போட்டுக் கொடுத்தது என்பது என் கணக்கு. மீதிப் பாதி அவருடையதுதான். ஏனென்றால் கறுப்பர்களோடு, பெற்றோருக்குத் தெரியாமல் கேட்ட வெள்ளைக்கார இளசுகளும் அங்கே வந்து சேர்ந்தார்கள். பஸ்ஸில் ஒன்றாக உட்கார முடியாதவர்கள் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்டார்கள்.

இதைப் புரிந்துகொண்டிருந்தவர் சன் ஸ்டூடியோ நடத்திய சாம் பிலிப்ஸ். (பெயர் ஒன்றுதான், சொந்தம் கிடையாது.) ஜூலை 5 அன்று எல்விஸ் பாடிப் பதிவான 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டை, தட்டு அச்சாவதற்கு முன்பே டூயியிடம் கொடுத்தார். ஆர்தர் க்ரூடப் என்ற ப்ளூஸ் பாடகரின் பழைய பாட்டு அது. டூயி போட்டார். போன் அடித்தது. திரும்பப் போட்டார். அன்றைக்கு எத்தனை தடவை என்பதில் ஆளுக்கு ஓர் எண் சொல்வார்கள். எல்விஸோ வெட்கப்பட்டுக்கொண்டு சினிமா தியேட்டரில் போய் ஒளிந்திருந்தார். அப்பாவும் அம்மாவும் தேடிப் பிடித்து அனுப்ப வேண்டியிருந்தது. மைக் ஓடுவதைச் சொல்லாமலேயே டூயி பேட்டியை எடுத்து முடித்தாராம்.

அந்த ஸ்கூல் கேள்வியை எப்படிப் பார்ப்பது? சுவரைத் தாண்டிப் பாட்டுப் போட்டவர், பாடினவன் சுவரின் எந்தப் பக்கம் என்று தெளிவுபடுத்தவும் செய்தார். அது தந்திரமா, சமரசமா? இரண்டும்தான் என்று எனக்குப் படுகிறது. எல்விஸ் கறுப்பர் என்று ஊர் நினைத்துக்கொண்டே இருந்திருந்தால், அந்தப் பாட்டு வேறு பல ஸ்டேஷன்களின் வாசலைத் தாண்டியிருக்காது. முதலில் அதைப் பாடிய க்ரூடப்பிடம் யாரும் ஸ்கூலைக் கேட்டிருக்க மாட்டார்கள். ராயல்டி பாக்கிக்காகக் கடைசிவரை போராடியவர் அவர்.

டூயியின் இறக்கம் சீக்கிரமே வந்தது. கார் விபத்துகளில் பட்ட காயம் காலத்துக்கும் வலித்தது. வலிக்கு மாத்திரை, விழித்திருக்க இன்னொரு மாத்திரை. ஜனங்கள் ரசித்த அந்த வேகத்தில் மருந்தின் பங்கும் இருந்தது. 1957ல் எல்விஸைப் பார்க்க ஹாலிவுட் போனவர், வெளிவராத ஒரு தட்டை எடுத்துவந்து ரேடியோவில் போட்டுவிட்டார். நட்பில் விரிசல்.

அடுத்து, டாப் 40 வந்தது. எந்தப் பாட்டு, எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதை அலுவலகத்தில் பட்டியல் போட்டு முடிவு செய்துவிடும் முறை அது. ஜாக்கி வேகமாகப் பேசலாம், ஆனால் பாட்டின் முன்னிசை ஓடும் சில நொடிகளுக்குள் முடித்துவிட வேண்டும். டூயியின் பேச்சு வேகத்தை எடுத்துக்கொண்டு, தட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டது என்று சொல்லலாம். 1958ல் டபிள்யூஎச்பிக்யூ அந்த முறைக்கு மாறியது. டூயிக்கு அங்கே வேலை போனது. அதற்குப் பிறகு சின்னச் சின்ன ஸ்டேஷன்கள், எதிலும் நிலைக்கவில்லை. 1968 செப்டம்பரில் இறந்தபோது வயது 42. இறுதிச் சடங்குக்கு எல்விஸ் வந்தார்.

அவர் வாழ்க்கையைத் தழுவி எழுதிய 'மெம்ஃபிஸ்' என்ற இசை நாடகம் 2010ல் டோனி விருது வாங்கியது. அதில் டூயி என்ற பெயர் இல்லை, நாயகனுக்கு வேறு பெயர். நிஜக் குரல் வேண்டுமென்றால், அந்த ராத்திரிகளில் பதிவான சில நாடாக்கள் தப்பிப் பிழைத்து 1990களில் சிடியாக வந்தன. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே முதல் தடவை பாதிதான் பிடிபடும், அவ்வளவு வேகம்.