கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பதா?

வீதியில் எதிர்ப்படும் முன்பின் அறியாத மனிதன் ஒருவன் நம்மை நிறுத்தி, "உமது வீட்டு விலாசத்தை எழுதிக் கொடும்" என்று கேட்டால் நாம் என்ன செய்வோம்? எதற்கு என்று கேட்போம். திருப்தியான பதில் வராவிட்டால் அவனைக் கடந்து நம் வழியே போவோம். ஆனால் கணினியின் முன்போ, கைப்பேசியின் முன்போ உட்கார்ந்த மாத்திரத்தில் நாம் வேறு மனிதராகி விடுகிறோம். ஒரு சட்டை வாங்குவதற்கும், ஒரு கட்டுரையைப் படிப்பதற்கும் மின்னஞ்சல் விலாசம் வேண்டும் என்று ஒரு கட்டம் கண்முன் தோன்றுகிறது. உடனே கை தானாக அதை நிரப்பி விடுகிறது. யார் கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள், கொடுத்த பின் அது எங்கே போகும் என்ற மூன்று கேள்விகளும் மனத்தில் எழுவதே இல்லை.

இதன் பலன் யாவரும் அறிந்ததே. காலையில் அஞ்சல் பெட்டியைத் திறந்தால் நாம் கேளாத கடன், நமக்கில்லாத வியாதிக்கு மருந்து, நாம் வாங்காத சீட்டுக்கு விழுந்த பரிசு ஆகியவை வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே பிள்ளையின் கல்லூரியிலிருந்து வந்த கடிதமும், சங்கத்தின் கூட்ட அறிவிப்பும் புதைந்து கிடக்கின்றன. இதைச் சில்லறைத் தொல்லை என்று பலர் ஒதுக்கி விடுகிறார்கள். அது தவறு என்பது நமது அபிப்பிராயம்.

இந்தத் தொல்லை மின்னஞ்சலுடன் கூடவே வளர்ந்தது. 1971-ம் ஆண்டில் அமெரிக்காவில் ரே டாம்லின்ஸன் என்ற எஞ்சினீயர், ஆர்ப்பாநெட் என்ற வலையின் மூலம் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குக் கடிதம் அனுப்பும் முறையை அமைத்தார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட 'அட்' குறியைத் தேர்ந்தெடுத்தவர் அவரே. 1978 மே மாதத்திலேயே, டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்பெனியின் விற்பனை அதிகாரி கேரி துர்க் என்பவர், தமது கம்பெனியின் புதிய கணினிகளைப் பார்க்க வருமாறு சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பி விட்டார். விலாசங்களை அவர் எடுத்தது அச்சிட்ட விலாசப் புத்தகம் ஒன்றிலிருந்து. வேறொரு காரியத்துக்காக ஓரிடத்தில் எழுதி வைத்த விலாசத்தை, உரியவரைக் கேளாமல் தம் வியாபாரத்துக்கு எடுத்துக்கொள்வது என்ற அக்கிரமம் அன்றே ஆரம்பித்தது. பிற்காலத்தில் இத்தகைய தபாலுக்கு 'ஸ்பாம்' என்று பெயர் வந்தது. அது டப்பாவில் அடைத்த ஒருவகை இறைச்சியின் பெயர். 1970-ல் பிரிட்டிஷ் டெலிவிஷனில் வந்த ஒரு ஹாஸ்ய நாடகத்தில், எதைக் கேட்டாலும் அந்த இறைச்சியையே கொண்டுவந்து வைக்கும் ஹோட்டல் ஒன்று வருகிறது. பெயர் பொருத்தமானதே.

யாரும் விரும்பாத கடிதத்தை ஏன் ஓயாமல் அனுப்புகிறார்கள்? காரணம் மிகவும் எளியது. தபாலில் கடிதம் அனுப்புகிறவன் ஒவ்வொன்றுக்கும் தலை ஒட்ட வேண்டும். மின்னஞ்சலிலோ பத்துக் கடிதத்துக்கும் பத்து லட்சம் கடிதத்துக்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. 2008-ம் ஆண்டில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர் சிலர், இத்தகைய கடிதங்களை அனுப்பும் ஒரு கள்ள வலையின் உள்ளே புகுந்து கணக்கெடுத்தார்கள். 26 நாட்களில் ஏறக்குறைய 35 கோடி மருந்து விளம்பரக் கடிதங்கள் சென்றன. வாங்க முன்வந்தவர்கள் 28 பேர். ஒரு கோடியில் ஒருவர் ஏமாந்தாலும் அவர்களுக்கு வியாபாரம் நடக்கிறது. மற்ற அத்தனை பேருடைய பொழுது பாழாவதைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை? எனவே அவர்களுக்கு வேண்டிய கச்சாப் பொருள் ஒன்றே ஒன்றுதான், அது விலாசம். அதை நாமே கொடுக்கிறோம்.

எப்படிக் கொடுக்கிறோம் என்பதைப் பார்ப்போம். முதல் வழி, பலர் காணும் இடத்தில் எழுதி வைப்பது. 2003-ல் வாஷிங்டனில் உள்ள ஜனநாயகத்துக்கும் தொழில்நுட்பத்துக்குமான மையம், பரிசோதனைக்கென்றே பல விலாசங்களை உண்டாக்கி, வெவ்வேறு இடங்களில் கொடுத்து ஆறு மாதம் கவனித்தது. குப்பைக் கடிதங்களில் மிகப் பெரும்பகுதி, பகிரங்கமான பக்கங்களில் எழுதி வைத்த விலாசங்களுக்கே வந்தது. அப்பக்கங்களை மனிதர் படிக்க வேண்டியதில்லை. விலாசங்களைப் பொறுக்குவதற்கென்றே இயந்திரங்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது வழி, நமது சம்மதத்தை நமக்கே தெரியாமல் வாங்கிக்கொள்வது. பதிவுப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வாசகம். அதன் பக்கத்தில் முன்கூட்டியே குறியிட்ட சிறு கட்டம். ஜெர்மனியில் பிளானெட்49 என்ற கம்பெனி, இணையப் பரிசுப் போட்டிக்குப் பெயர் பதிய வந்தவர்களிடம் இந்தத் தந்திரத்தைக் கையாண்டது. வாசகரின் கணினியில் வேவுக் குறிப்புகளை வைப்பதற்கான சம்மதக் கட்டத்தில் கம்பெனியே குறி போட்டிருந்தது. வழக்கு ஐரோப்பிய யூனியனின் நீதிமன்றம் வரை சென்றது. 2019 அக்டோபர் 1-ந் தேதி அந்நீதிமன்றம், முன்கூட்டியே குறியிட்ட கட்டம் சம்மதம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. எடுக்க மறந்ததைக் கொடுக்கச் சம்மதித்ததாகக் கொள்ள முடியாது என்பது எந்த நியாயஸ்தனுக்கும் விளங்கக்கூடியதுதான்.

மூன்றாவது வழி, திருட்டு. நாம் நம்பிக் கொடுத்தவரே யோக்கியராக இருக்கலாம். அவருடைய பெட்டகம் உறுதியாக இருக்கிறதா என்பதே கேள்வி. 2011-ல் எப்ஸிலான் என்ற அமெரிக்கக் கம்பெனியிலிருந்து பெருந்தொகையான பெயர்களும் விலாசங்களும் களவு போயின. பாங்குகளும் கடைகளும் தம் வாடிக்கைக்காரர்களுக்குக் கடிதம் அனுப்பும் வேலையை அக்கம்பெனியிடம் ஒப்படைத்திருந்தன. விலாசத்தைப் பறிகொடுத்தவர்களில் அக்கம்பெனியின் பெயரையே கேள்விப்படாதவர்கள் அநேகர். 2013-ல் யாஹூவில் நடந்த களவில் 300 கோடிக் கணக்குகள் அகப்பட்டன என்று 2017-ல் வெளியாயிற்று.

விலாசம் போனால் என்ன, உயிரா போய்விட்டது என்று சிலர் கேட்கலாம். இன்று மின்னஞ்சல் விலாசம் என்பது வீட்டுக் கதவில் தொங்கும் பெயர்ப்பலகை மாத்திரம் அல்ல. மற்ற எல்லாப் பூட்டுகளுக்கும் சாவி வைத்திருக்கும் பெட்டி அது. கடவுச்சொல் மறந்துவிட்டது என்றால் புதியதற்கு வழி அங்கேதான் வருகிறது. எங்கும் ஒரே விலாசத்தைக் கொடுப்பவனுடைய மருந்துக் கடையையும், புத்தகக் கடையையும், அவன் சேர்ந்திருக்கும் கட்சியையும் ஒரே நூலில் கோத்துப் பார்க்க முடியும். "நாம் மறைக்க வேண்டியது ஒன்றும் இல்லையே" என்று சொல்லும் பெரியவர்களைக் கேட்கிறோம்: உங்கள் வீட்டுத் தபாலை உறையில் போட்டு ஒட்டுவது ஏன்? அந்தரங்கம் குற்றவாளியின் மறைவிடம் அல்ல. சுயமரியாதையுள்ள பிரஜையின் உரிமை. 2017 ஆகஸ்டு 24-ந் தேதி நமது சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக அதை அடிப்படை உரிமை என்று சொல்லியிருக்கிறார்கள்.

சட்டம் நம்மைக் காக்குமா? அமெரிக்காவின் 2003-ம் வருஷத்துச் சட்டம், கேளாமல் விளம்பரம் அனுப்புவதைத் தடுக்கவில்லை. வேண்டாம் என்று சொன்ன பிறகு நிறுத்த வேண்டும் என்று மட்டும் கட்டளையிடுகிறது. ஐரோப்பிய யூனியன் 2002-லேயே, முன்கூட்டிச் சம்மதம் பெற வேண்டும் என்பதைப் பொது விதியாக்கியது. நமது தேசத்தில் மின்னஞ்சல் தொல்லைக்கென்று தனிச் சட்டம் செய்யவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் அதைத் தொடும் வாசகம் ஒன்று இருந்தது. ஆனால் அப்பிரிவு அபிப்பிராயம் சொன்னவர்களைச் சிறைப்பிடிக்கும் கருவியாகி விட்டது. 2015 மார்ச்சு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது முற்றிலும் நியாயமே. குப்பையைக் கூட்ட வாய்ப்பூட்டு வேண்டியதில்லை.

2023-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒரு நல்ல கொள்கையை ஏற்றிருக்கிறது. சம்மதம் சுயேச்சையாகவும், எதற்கென்று தெரிந்தும், தெளிவான செய்கையாலும் கொடுத்ததாக இருக்க வேண்டும். கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதை வாபஸ் பெறவும் முடிய வேண்டும். காரியத்துக்கு அவசியமானதற்கு மேல் கேட்டுச் சம்மதம் வாங்கினாலும் அது செல்லாது. வைத்தியச் செயலி ஒன்று நோயாளியின் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களைக் கேட்பதைச் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. காவலில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் சர்க்கார் தனக்கும் தன் ஸ்தாபனங்களுக்கும் விசாலமான விலக்குகளை எடுத்துக்கொண்டிருப்பதை நாம் கண்டிக்காமல் இருக்க முடியாது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசமும் கொடுக்கப்பட்டது. சட்டம் நடந்து வருகிறது. திருடன் ஓடி வருகிறான். ஆகையால் முதற்காவல் நம்முடையதாகவே இருக்க வேண்டும்.

அதற்குப் பெரிய பாண்டித்தியம் தேவையில்லை. முதலாவது, இரண்டு விலாசங்களாவது வைத்துக்கொள்ள வேண்டும். பாங்கு, உத்தியோகம், சுற்றத்தார், நண்பர் ஆகியோருக்கு ஒன்று; கடைகளுக்கும் பதிவுகளுக்கும் மற்றொன்று. முதல் விலாசத்தை எந்தப் பகிரங்கப் பக்கத்திலும் எழுதக்கூடாது.

இரண்டாவது, யாரிடமிருந்து விலாசம் கசிந்தது என்று அறியும் உபாயம். ஜிமெயில் போன்றவற்றில் நம் பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறியிட்டு, கடையின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தாலும் கடிதம் நம்மிடமே வரும். நாம் இதைச் செய்து பார்த்தோம். ஒரு கடைக்கென்று மாத்திரம் கொடுத்த விலாசத்துக்குச் சில வாரங்களில், கடன் தருவதாக வேறொருவர் எழுதினார். கடைக்காரர் விற்றாரோ, பறிகொடுத்தாரோ, நாம் அறியோம். அங்கே மீண்டும் பதிவதில்லை என்று முடிவு செய்தோம். ஆனால் கூட்டல் குறியை வெட்டிவிட்டு மூல விலாசத்தைக் கண்டுகொள்வது கெட்டிக்காரனுக்குக் கடினமல்ல. அதனினும் நல்லது மாற்று விலாசம். ஆப்பிள் கம்பெனியும், மொஸில்லா ஸ்தாபனத்தின் 'ரிலே'யும் ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனி விலாசம் உண்டாக்கி, கடிதத்தை நமக்குத் திருப்பி அனுப்புகின்றன. தொல்லை வந்தால் அந்த ஒன்றை மட்டும் மூடிவிடலாம். ஒருநாள் உபயோகத்துக்கென்று கிடைக்கும் பொது விலாசங்களில் சிலவற்றை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஆகையால் பணம் சம்பந்தப்பட்ட எதற்கும் அவை உதவா.

மூன்றாவது, படிவத்தின் அடிவரை படித்து, வேண்டாத கட்டங்களின் குறியை எடுக்க வேண்டும். கட்டாயம் என்று காட்டாத எதையும் நிரப்ப வேண்டியதில்லை. நான்காவது, தெரிந்த கம்பெனியின் கடிதமானால் அதிலுள்ள விலகும் வசதியை உபயோகிக்கலாம். முகம் தெரியாதவன் அனுப்பியதானால் பதில் எழுதுவதும், அதிலுள்ள எதையும் தொடுவதும் கூடாது; இவ்விலாசத்தில் ஆள் இருக்கிறார் என்று நாமே அவனுக்குச் சாட்சி சொன்னதாகும். குப்பை என்று குறித்து ஒதுக்கி விடுவதே போதும். கடிதத்தின் படங்கள் தாமாகத் திறப்பதையும் நிறுத்தி வைப்பது நலம். கண்ணுக்குத் தெரியாத சிறு படம் ஒன்று, நாம் கடிதத்தைத் திறந்த நேரத்தை அனுப்பியவனுக்கு அறிவித்துவிடும். ஐந்தாவது, எங்கும் ஒரே கடவுச்சொல்லை வைப்பவன் ஒரு களவில் எல்லாவற்றையும் இழப்பான்.

கடைசியாக, நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. வியாபாரிகளைக் கண்டிக்கும் நமது சங்கங்களும் சபைகளும் இவ்விஷயத்தில் சுத்தமாக இருக்கின்றனவா? விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கும்போது விலாசமும் வாங்குகிறோம். அதைப் பிறகு தேர்தல் பிரசாரத்துக்கு உபயோகிக்கிறோம். தோழமைச் சங்கம் கேட்டால் பட்டியலை அப்படியே தூக்கிக் கொடுக்கிறோம். கூட்ட அறிவிப்பை அனுப்பும் காரியதரிசி, அங்கத்தினர் அத்தனை பேருடைய விலாசங்களையும் ஒவ்வொருவருக்கும் தெரியும்படி அனுப்பிவிடுகிறார். மறைநகல் என்ற வசதி பக்கத்திலேயே இருக்கிறது, அதைத் தொடுவாரில்லை. யார் யார் நம்முடன் நிற்கிறார்கள் என்ற ஜாபிதா, நமக்கு வேண்டாதவர் கையில் ஒரு கடிதத்தால் போய்ச் சேர்கிறது. அதனால் ஒருவன் உத்தியோகத்தை இழந்தால் பதில் சொல்லப் போகிறவர் யார்? சங்கத்தின் விலாசப் பட்டியல் சங்கத்தின் நிதியைப் போன்றது. எதற்காக வாங்கினோமோ அதற்கே செலவிட வேண்டும். காரியம் முடிந்தால் அழித்துவிட வேண்டும்.

விற்பவன் கேட்கட்டும், கேட்பது அவன் இஷ்டம். கொடுப்பதும் மறுப்பதும் நம் இஷ்டம். அடுத்த முறை அந்தக் கட்டம் கண்முன் தோன்றும்போது கையைச் சற்று நிறுத்தி, யார், எதற்கு, எங்கே என்ற மூன்று கேள்விகளையும் கேட்குமாறு நேயர்களை வேண்டுகிறோம். திருப்தியான பதில் இல்லாவிட்டால், வீதியில் செய்வது போலவே, கடந்து நம் வழியே போவோம்.